ரூபனாம்… தமிழ் இல்லையாம்!

மழை… ரொறன்ரோவின் ஏப்ரல் மழை. பெய்வதா, விடுவதா என்று முடிவெடுக்காமல் நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும் மழை.

லோரன்ஸ் வீதி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள் தக்ஷிகா. வெக்ஸ்போர்ட்டில் பல் கிளினிக் ஒன்றில் வேலை. பல் சுத்தம் செய்பவள். மறு கையில் போன். போனில் அம்மா புனிதவதி.

"அம்மா, நான் ஒருத்தரோடையும் நிண்டு பறைஞ்சுகொண்டிருக்கேல்லை. பஸ் பிந்திப் போச்சு… அவ்வளவுதான்."

அப்போதுதான் அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான்.

எதிர் இருக்கையில் இருந்தவன். மாநிறம். மழைக்கோட்டின் தலைமூடிக்கு வெளியே எட்டிப் பார்த்த சுருட்டை முடி. அந்தக் கண்கள்… மழையில் நனைந்த நாவற்பழங்கள் மாதிரி! பார்த்தவன் பார்வையை எடுக்கவே இல்லை.

வடிவான கண்தான்… ஆனால் ஏன் இப்படி முழுசுகிறான்?

தக்ஷிகாவுக்கு யார்மீதும் சட்டென்று நம்பிக்கை வராது. போன வருஷம் அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளைக்குப் பக்கத்து ஊரான விட்பியில் ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தது மண்டபம் பதிவு செய்த பிறகுதான் தெரியவந்தது. அன்றிலிருந்து, யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்றும், சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறான் என்றும் யோசிக்கிற மனசு.

"முன்னால ஒருத்தன் இருந்து பாக்கிறான், அம்மா. கள்ளன் மாதிரி முழி. கண் மட்டும் நல்ல வடிவு… எங்கையாவது களவெடுத்ததாக்கும்."

அவன் சிரித்துவிட்டான்.

அவளுக்கு முகம் சூடாகியது. "நீங்கள் தமிழோ?"

"இல்லை" என்றான் ஆங்கிலத்தில்.

"அப்ப என்னத்துக்குச் சிரிச்சனீங்கள்?"

"'கள்ளன்' எனக்குத் தெரிந்த சொல். சின்ன வயதில் அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவார்."

"பேர்?"

"ரூபன்."

தக்ஷிகா போனுக்குள் சொன்னாள். "ரூபனாம்… தமிழ் இல்லையாம்!"

தமிழர் நிறைந்த மல்வேர்னில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு ரூபனின் மண்டையில்தான் விழும். இவன் யாருக்குக் காது குத்துகிறான்?

"தயவுசெய்து…" என்று அவன் எழுந்தான். "முதலில் ஒரு சொல் சொன்னீர்களே, 'பறைஞ்சு'… அதை இன்னொரு தரம் சொல்வீர்களா?"

இது என்ன புதுவிதமான சேட்டை! அவள் மணியை அழுத்தினாள். தன் தரிப்புக்கு முன்னமே இறங்கினாள். திரும்பிப் பார்த்தால்… அவனும் இறங்கிவிட்டான்!

குடையை மடக்கித் தடி மாதிரி ஓங்கினாள். "கிட்ட வந்தால் மண்டை உடையும்!"

அவன் கிட்ட வரவில்லை. நனைந்தபடி நின்று தன் போனை மட்டும் நீட்டினான். அதிலிருந்து, ஏதோ பழைய ஒலிப்பதிவில், ஒரு பெண் குரல். சற்றே கரகரத்த, இழுத்து இழுத்துப் பாடுகிற குரல்.

*ஆரு நீ… பறயு பெண்ணே… எவிடந்நு வந்நு…*

தக்ஷிகாவின் குடை பாதி இறங்கியது. ஆர் நீ, சொல்லு பெண்ணே, எங்கேயிருந்து வந்தாய்… விளங்குகிறதே! தமிழும் இல்லை. ஆனால் விளங்குகிறது.

"உங்களுக்குப் புரிகிறது!" அவன் கண்கள் பளிச்சென்றன.

அந்தப் பளிச்சுத்தான் அவளை மறுபடி உஷாராக்கியது. விட்பிக்காரனும் இப்படித்தான் கண்ணால் சிரிப்பான்.

"கூகிளைக் கேளுங்கோ!" என்று சொல்லிவிட்டு, குடையை விரிக்கவும் மறந்து விறுவிறுவென்று நடந்தாள்.

அடுத்த கிழமை அவளுடைய நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி படுத்திருந்தான் அவன்.

"நீங்களோ! இஞ்சை எப்பிடி வந்தனீங்கள்?"

"உங்கள் சட்டையில் கிளினிக்கின் பெயர் இருந்தது. என் பல்லிலும் காவி இருந்தது."

தலையில் சின்னதாக ஒரு பின்னல் தொப்பி. அன்று மழைக்கோட்டின் தலைமூடிக்குள் மறைந்திருந்தது. உது என்ன வேஷம்? அவள் சுரண்டும் கருவியைக் கையில் எடுத்தாள். வாய்க்குள் கூர் ஆயுதம் இருக்கும்போது மனிதர் பொய் சொல்வது குறைவு என்பது அவள் அனுபவம்.

"ஓம் எண்டால் ஒருக்கா கண்ணை மூடுங்கோ. இல்லையெண்டால் ரெண்டு தரம். சரியே?"

ஒருக்கா மூடினான்.

"என்னைப் பின்தொடர்ந்து திரியிறீங்களோ?"

இரண்டு தரம்.

"உண்மையிலை தமிழோ?"

இரண்டு தரம்.

"கலியாணம் கட்டியாச்சோ?"

ஐயோ, இதை ஏன் கேட்டாள்? நாவற்பழக் கண்கள் அகல விரிந்தன. பிறகு மெதுவாக… மிக மெதுவாக… இரண்டு தரம் மூடித் திறந்தன.

"அது… இன்சூரன்சுக்குத் தேவை" என்று முணுமுணுத்தபடி முகமூடியை மேலே இழுத்துக்கொண்டாள் தக்ஷிகா.

வாய் கொப்பளித்த பிறகுதான் அவனால் பேச முடிந்தது. அவள் தமிழில் கேட்பாள். அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். காதில் அம்மாவின் மலையாளம் இருந்ததால் அவள் தமிழ் அவனுக்கு முக்கால்வாசி விளங்கியது.

உயரக் கட்டடங்களில் லிஃப்ற் திருத்துவது அவன் வேலை. கேரளத்தில் பறவூர் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்த யூதக் குடும்பம். ஊரில் பலரும் இஸ்ரேலுக்குப் போக, இவர்கள் மட்டும் கனடாவுக்கு வந்தவர்கள்.

"யூதரோ? யூதர் எண்டால் வெள்ளை ஆக்கள் எல்லோ?"

"எங்கள் தொழுகைக் கூடத்திலும் அதே சந்தேகம்தான்" என்று சிரித்தான். "வாசலில் வரவேற்கப் புதிதாக நிற்பவர் மற்ற எல்லோருக்கும் வணக்கம் சொல்வார். என்னிடம் மட்டும் யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்பார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவளுக்கு எங்கேயோ சுருக்கென்றது.

அவர்களுடைய கல்யாணங்களில் பெண்கள் மலையாளத்தில் பாடுவார்களாம். ஆண்கள் இருந்து கேட்பார்களாம். தாயிடமிருந்து மகளுக்கு என்று வாய்வழியாகவே வந்த பாட்டுகள். ஜூனில் அவன் தங்கை லேயாவுக்குக் கல்யாணம். லேயா இங்கே பிறந்தவள். அவளுக்கு ஒரு வரியும் தெரியாது. பாட்டின் பழைய சொற்கள் அவனுக்கும் விளங்கவில்லை; அவள் பேச்சில் அவற்றின் சாயல் கேட்டதாம். அர்த்தம் தெரியாத பாட்டை யார் பாடப் போகிறார்கள்?

"உங்கட அம்மா பாடமாட்டாவோ?"

"இப்போது பாடுவதில்லை."

"அம்மா… இல்லையோ?"

அவன் கண்ணை ஒருக்கா மூடவுமில்லை, இரண்டு தரம் மூடவுமில்லை. தாழ்த்திக்கொண்டான்.

ஐயோ பாவம்… தாயில்லாப் பிள்ளை. தக்ஷிகாவின் நெஞ்சில் இவ்வளவு நாளும் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இளகியது.

"சரி… ஞாயிற்றுக்கிழமை வாறன். பாட்டுக்கு மட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. வெக்ஸ்போர்ட்டில் ஒரு கோப்பிக் கடை. ஆளுக்கொரு காதில் ஒரே பாட்டு.

முதல் ஞாயிறே சண்டை. அவள் ஆசையாகக் கட்டிக் கொண்டுபோன உளுந்து வடையை அவன் தொடவில்லை. கறுப்புக் கோப்பியை மட்டும் குடித்தான்.

ஓகோ! பருத்தித்துறையில் அப்பப்பா காலத்தில் இப்படித்தானாம், இன்னார் வீட்டில் தண்ணி குடிக்கமாட்டம், இன்னார் கையால் சாப்பிடமாட்டம் என்று… கனடாவிலும் அதுவோ?

"எங்கட கை பட்டது ஆகாதோ?"

"ஐயோ, அது இல்லை!" அவன் பதறிப்போனான். "எங்கள் வீட்டு உணவுக்கு என்று சட்டங்கள் இருக்கின்றன. பாத்திரம்கூட வேறாக இருக்க வேண்டும். நானே இதில் பாதி விசுவாசிதான். ஆனால் இதையும் விட்டுவிட்டால், நான் யார் என்று எனக்கே மறந்துபோகும்… ஒரு முழுப் பழம் தந்தால் சாப்பிடுவேன்."

அவள் நம்பியும் நம்பாமலும் கைப்பையிலிருந்து ஒரு பிளம்ஸ் பழத்தை எடுத்து நீட்டினாள். அவன் அதைச் சட்டையில் துடைத்து, ஒரே மூச்சில் கொட்டை வரை தின்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் விசாரணை தொடங்கியது.

"ஆரடி உவன்? எந்த ஊர்?" என்று கேட்டாள் புனிதவதி.

"பறவூர்."

"பறவூரோ? அது எங்கை கிடக்கு? என்ன ஆக்கள்?"

"யூதராம், அம்மா."

"உது புதுச் சாட்டு!" அம்மா வெங்காயத்தை ஓங்கி வெட்டினாள். "ஊரைக் கேட்டால் சொல்ல விருப்பமில்லாதவை ஆயிரம் கதை சொல்லுவினம். விட்பியான் தன்னை எஞ்சினியர் எண்டவன், ஞாபகம் இருக்கோ?"

ஞாபகம் இருந்தது. அதுதானே கரைச்சல். ரூபன் சிரிக்கும்போதெல்லாம் அவள் மனசு ஒரு அடி முன்னே வைக்கும்… உடனே ஒரு அடி பின்னே. அவன் போன் அடித்தால் யார் என்று கடைக்கண்ணால் பார்ப்பாள். "வேலை" என்பான். எப்போதும் கடைக்கு வெளியே போய்த்தான் பேசுவான். லிஃப்ற் திருத்துகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இத்தனை போனா?

ஆனாலும் அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்ததும்.

மே மாதத்தில் ஒருநாள். கிளினிக் வரவேற்பறையில் யாரோ வாய்க்குள் முனகுகிற சத்தம். கோப்புடன் வெளியே வந்த தக்ஷிகா அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் குரல்… சற்றே கரகரத்த, இழுத்து இழுத்து வருகிற குரல்!

அறுபதைத் தாண்டிய பெண். தலையில் நீலத் துணி. நாவற்பழக் கண்கள். பெயர், ராஹேல் ஏலியா.

நாற்காலியில் சாயச் சொன்னாள் தக்ஷிகா. அவர் சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மலையாளமும் ஆங்கிலமும் கலந்து கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகன் பார்க்கப் போகிற பெண் நீதானா?"

"நீங்கள்… ரூபன்ர அம்மாவோ?" தக்ஷிகா ஒரு அடி பின்னே வைத்தாள். "நீங்கள் செத்துப்… இல்லை எண்டெல்லோ நினைச்சன்!"

"அப்படியா சொன்னான்? என்னை உயிரோடு புதைத்துவிட்டானா?"

பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெரிந்த தாய், இதோ, உயிரோடு, எதிரே! பிறகு எதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்? எதற்கு இந்த நாடகம்?

"பாட்டைக் கேட்டு என்னை அரித்தான்" என்றார் ராஹேல். "பழைய பதிவு ஒன்று அவனிடம் இருக்கிறது. அர்த்தம் சொல்லித் தரமாட்டேன் என்றேன். ஆண்பிள்ளையிடம் கொடுத்தால் அதை ஒரு பெட்டிக்குள் போட்டு வைப்பான். பெண்ணிடம் கொடுத்தால் வீட்டில் பாடுவாள். மகள் கேட்கவில்லை. இனி வரப்போகிற மருமகளுக்குத்தான் கொடுப்பேன், எங்கள் பெண்ணாக இருந்தால். எங்களில் பிள்ளை தாயைச் சேர்ந்தது. நீ நல்ல பெண்ணாக இருக்கலாம். ஆனால் உன் பிள்ளை எங்கள் பிள்ளை ஆகாது. நாங்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். புரிகிறதா?"

"நான் உங்கட மகனைக் கேக்கேல்லை, அன்ரி." தக்ஷிகாவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் தலை குனியவில்லை. "எங்களுக்கும் வீடு இருக்கு, ஆக்கள் இருக்கினம். ஒண்டு மட்டும் கேக்கிறன். உங்கட பாட்டு எபிரேயத்தில இல்லையே… மலையாளத்தில எல்லோ கிடக்கு? பக்கத்து வீட்டாற்ற பாஷை அது. அதை உள்ள விடேக்கை, ஆர் நீ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

ராஹேலின் முகம் கறுத்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பின்னேரமே ரூபனின் இலக்கத்தைப் போனில் தடுத்துவைத்தாள் தக்ஷிகா.

"நான் அப்பவே சொன்னனான்" என்றாள் புனிதவதி. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வசனத்தை விழுங்கிவிட்டு, ரீ ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

அவன் கிளினிக்குக்குப் பூ அனுப்பினான். வரவேற்பில் இருந்த பேர்ணடெற் எடுத்துக்கொண்டாள். ஒருநாள் வாசலில் நனைந்தபடி காத்திருந்தான். தக்ஷிகா பின்வாசலால் போனாள். மனசு மட்டும் முன்வாசலில் நின்றது… வெட்கம் கெட்ட மனசு!

தாயைச் செத்தவளாக்கியவன் வேறு எதைத்தான் சொல்லமாட்டான்? ஆனால்… உண்மையில் அவன் வாயால் சொல்லவில்லையே? கண்ணைத்தானே தாழ்த்தினான்? சீ, விட்பியானுக்கும் இப்படித்தானே நியாயம் தேடினாய்!

ஜூன் பிறந்தது. ஒரு மாலை, வேலை முடிந்து வெளியே வந்தால், நீலத் துணித் தலையுடன் ராஹேல்.

"இரு பெண்ணே. பல்லுக்கு வரவில்லை."

தக்ஷிகா இறுகிப்போய் நின்றாள்.

"நீ கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை" என்றார். "ஊரார் எங்களை 'யார் நீ' என்று கேட்டார்கள். நாங்களும் கேட்டோம். வேலி போட்டுத்தான் இத்தனை நூறு வருஷம் இருந்தோம். வேலி இல்லாவிட்டால் எப்போதோ கரைந்துபோயிருப்போம். அதற்காக வெட்கப்படமாட்டேன். ஆனால்… வேலிக்குள்ளே அந்தப் பாட்டு எப்படியோ வந்துதான் இருக்கிறது."

தலையின் நீலத் துணியை இழுத்து இறுக்கினார்.

"அது தனியே பாடுகிற பாட்டு இல்லை. ஒரு வரிசை கேள்வி கேட்கும். மறு வரிசை பதில் சொல்லும். நான் கேட்பேன், என் அக்கா எஸ்தர் பதில் பாடுவாள். அவள் போன பிறகு நான் கேட்டால்… எதிரே சுவர்தான் நிற்கிறது. அதுதான் நிறுத்தினேன். இப்போது லேயா அழுகிறாள், பாட்டு வேண்டுமாம். அவளுடைய சிநேகிதிகளுக்கு நாக்கு வளைகிறதில்லை. உனக்கு வளையும்."

"அப்ப… என்னைப் பாடச் சொல்லுறீங்களோ?"

"பாட்டுக்காக மட்டும். மகனுக்காக இல்லை."

தக்ஷிகா அந்தக் கண்களைக் கூர்ந்து பார்த்தாள். இதில் என்ன உள்நோக்கம்? ஊரைக் கூட்டி அவமானப்படுத்தவா? ராஹேலும் அவளை அதே மாதிரித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சந்தேகக்காரிகள், ஒரு நடைபாதையில்…

"பாட்டுக்கு மட்டும்தான் வாறன், அன்ரி."

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிறு. ராஹேலின் வீட்டுப் பின்வளவில் உறவினர் கூடியிருந்தார்கள். லேயா பச்சைப் பட்டில் நடுவே இருந்தாள். தாத்தாமார் நாற்காலிகளில், பிள்ளைகள் புல்லில். பல கண்கள் தக்ஷிகாவை அளந்தன. யார் இந்தப் பெண்? யாருடைய உறவு? ரூபன் தூரத்தில் வேலியோரம் நின்றான். அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே அவன் நீலச் சட்டை போட்டிருப்பது தெரிந்தது.

ராஹேல் தொண்டையைச் செருமினார். தொடங்கினார்.

*ஆரு நீ… பறயு பெண்ணே… எவிடந்நு வந்நு…*

ஆர் நீ? எங்கேயிருந்து வந்தாய்? அம்மா கேட்ட கேள்வி. ஊர் கேட்கிற கேள்வி. வாசலில் நிற்பவர் ரூபனைக் கேட்கிற கேள்வி…

ராஹேல் சொல்லிக்கொடுத்திருந்த பதிலைத் தக்ஷிகா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

*தேடி வந்நதல்ல ஞான்… விளிச்சிட்டு வந்நதாணு…*

நானாகத் தேடி வரவில்லை. கூப்பிட்டீர்கள், வந்தேன்.

ராஹேலின் அடுத்த கேள்வி ஒரு கணம் தாமதித்தது. பிறகு வந்தது, உடைந்த குரலில், ஆனால் வந்தது. மூன்றாம் வரியில் ஒரு வயதான மாமி சேர்ந்தார். பிறகு லேயா, தட்டுத் தடுமாறி. பாட்டு முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. ராஹேல் மகளை அணைத்து அழுதார். தக்ஷிகாவை அணைக்கவில்லை. ஆனால் போகிற போக்கில், "இரண்டாம் வரியில் இழுவை போதாது. கல்யாணத்தன்று சரியாகப் பாடு" என்றார்.

கல்யாணத்தன்று! அப்படியென்றால்…

அவள் மெல்ல நழுவி வீட்டின் பக்கவாட்டுக்குப் போனாள். தூறல் தொடங்கியிருந்தது. பின்னால் காலடி.

"பாட்டுக்குத்தான் வந்தனான்" என்றாள் திரும்பாமலே.

"தெரியும்."

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"பஸ்ஸில் என்னைக் கள்ளனைப் போலப் பார்த்தீர்கள். தெருவில் குடையால் அடிக்க வந்தீர்கள். கிளினிக்கில் அம்மா இல்லையோ என்று கேட்டபோதுதான்… முதல் முறையாக உங்கள் கண்ணில் சந்தேகம் இல்லை. அந்தப் பார்வையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல நினைத்தேன். அம்மா போன் பண்ணும்போதெல்லாம் வெளியே ஓடினேன். கோழைத்தனம்தான். மன்னித்துவிடுங்கள்."

அவள் திரும்பினாள். அவன் இமையில் மழைத்துளி. கண்கள் இந்த முறை தாழவில்லை.

"பாட்டின் அர்த்தம் மூன்றாவது ஞாயிறே முடிந்துவிட்டது, தக்ஷிகா. பிறகு வந்தது உங்களுக்காக. உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. மிகவும்."

"இங்கிலிஷிலை ஆரும் சொல்லுவினம். நான் நம்பமாட்டன்."

அவன் திணறினான். காது சிவந்தது. அம்மாவின் பாஷையில் தேடித் தேடி எடுத்தான். "எனிக்கு… இஷ்டமாணு."

"இஷ்டமோ? கஷ்டமோ?"

"இரண்டும்!"

சிரிப்பு அவளை மீறி வந்தது. உடனே முகம் கனத்தது. "உங்கட அம்மா கேட்டதுக்கு என்னட்டைப் பதில் இல்லை, ரூபன். பிள்ளை ஆரின்ரை எண்டு… நாளைக்கு என்ர அம்மாவும் அதைத்தான் கேப்பா. நான் என்னை விட்டிட்டு வரமாட்டன். உங்களையும் விட்டிட்டு வா எண்டு சொல்லமாட்டன்."

"எனக்கும் பதில் தெரியாது" என்றான் அவன். "ஆனால் அந்தக் கேள்வியை உங்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்க வேண்டும் என்று இருக்கிறது."

மழை கொஞ்சம் வலுத்தது. இருவரும் அசையவில்லை. அவள் பாதணியின் நுனியைப் பார்த்தாள். பிறகு வேலியை. பிறகு, வேறு வழியில்லாமல், அந்தக் கண்களை.

"எனக்கும்… உங்களிலை விருப்பம்தான்."

"என்ன? விளங்கவில்லை."

அவள் கண்ணைச் சுருக்கினாள். "உண்மையா விளங்கேல்லையோ? இல்லாட்டி விளங்காத மாதிரி நடிக்கிறீங்களோ?"

அவன் உதட்டோரம் மட்டும் துடித்தது.

"கள்ளன்!" என்றாள் தக்ஷிகா. பிறகு, பின்வளவில் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கிப்போனதைக் கவனிக்காமலே, மூச்சை இழுத்து உரக்கச் சொன்னாள்.

"உங்களிலை எனக்கு விருப்பம் எண்டு சொன்னனான்!"